ஒரு நாள் வழி மீதியிருந்தது



சாட்சி என்றால் அது வெற்றியில் முடிய வேண்டும் என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். நம்முடைய சபைகளில் அப்படித்தான் கேட்டுப் பழகியிருக்கிறோம். வியாதி நீங்கியது, வேலை கிடைத்தது, வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு வந்தோம் என்று ஒருவர் சொல்லி முடிக்கும்போது, சபையார் கரங்களைத் தட்டித் தேவனை மகிமைப்படுத்துகிறார்கள். அது நல்லதே. ஆனால் 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் என் இளைய மகன் நேபாள தேசத்து மலைகளுக்குப் போய், அடைய நினைத்த இடத்தை அடையாமல் திரும்பி வந்தான். அன்று அவன்மேல் எனக்கு வருத்தமே உண்டாயிற்று. அந்த வருத்தத்தின் மூலமாகத் தேவன் என்னோடு இடைப்பட்ட விதத்தையே இங்கே எழுதுகிறேன்.

பெங்களூரில் வளர்கிற நம் பிள்ளைகளுக்கு மலை புதிதல்ல. கணினி நிறுவனங்களில் வேலை செய்யும் வாலிபர்கள் சனிக்கிழமை நள்ளிரவில் புறப்பட்டு, நந்தி மலையிலோ ஸ்கந்தகிரியிலோ சூரிய உதயம் கண்டு திரும்புகிறார்கள். ராமநகரத்துப் பாறைகளில் இடுப்பில் கயிறு கட்டி ஏறப் பழகுகிறார்கள். சாவனதுர்காவின் மொட்டைப் பாறையில் மூச்சிரைக்க நடக்கிறார்கள். என் மகனும் அப்படியே தொடங்கினான். ஞாயிறு ஆராதனைக்குத் தாமதமாகி, செம்மண் படிந்த காலணியோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்த நாட்களும் உண்டு. அதற்காக நான் அவனைக் கடிந்துகொண்டிருக்கிறேன்.

அவனும் அலுவலக நண்பர்கள் ஏழு பேருமாகச் சேர்ந்து நேபாளம் போகப் போவதாக ஒரு நாள் சொன்னான். அந்நாட்டுக்குப் போக இந்தியருக்கு விசா வேண்டியதில்லை. சாகசம் விரும்புகிறவர்களுக்கு அங்கே பலவகை வாய்ப்புகள் இருக்கின்றன. பொக்காராவுக்கு மேலுள்ள குன்றுகளிலிருந்து பாராகிளைடிங் செய்கிறார்கள். திரிசூலி ஆற்றின் வெள்ளத்தில் ரப்பர்ப் படகு விடுகிறார்கள். போட்டே கோசி ஆற்றின் மேலே 160 மீட்டர் உயரத் தொங்குபாலத்திலிருந்து, காலில் கயிறு கட்டிக்கொண்டு தலைகீழாகக் குதிக்கிறார்கள். என் மகனும் நண்பர்களும் தெரிந்துகொண்டது நடைப்பயணம். லுக்லா என்னும் ஊரிலிருந்து எட்டு நாள் நடந்து, 5,364 மீட்டர் உயரத்திலுள்ள எவரெஸ்ட் அடிவார முகாமைச் சேர்வது அவர்கள் நோக்கம்.

இதைக் கேட்ட என் மனைவி அன்று இரவு சாப்பிடவில்லை. காரணம் உண்டு. அவ்வருடம் ஜூன் மாதத் தொடக்கத்தில்தான் உத்தரகாண்டின் சஹஸ்த்ரதால் ஏரிக்கு மலைநடை சென்ற கர்நாடகத்துக் குழு ஒன்று பனிப்புயலில் அகப்பட்டது. 22 பேர் சென்றிருந்த அக்குழுவில் 9 பேர் இறந்தார்கள். மற்றவர்களை மீட்புப் படையினர் ஹெலிகாப்டர்களில் கொண்டுவந்தார்கள். இறந்தவர்களின் சரீரங்கள் பெங்களூர் விமான நிலையத்தில் வந்திறங்கியதை நாங்கள் தொலைக்காட்சியில் கண்டோம். அவர்கள் விளையாட்டுப் பிள்ளைகளல்ல. மலையேற்றத்தில் பழக்கமும் வயதும் உள்ளவர்கள் பலர் அதில் இருந்தார்கள். “இதையெல்லாம் பார்த்த பிறகும் பிள்ளையை அனுப்புவீர்களா?” என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

சபையின் மூப்பர் ஒருவர் இன்னும் கடினமாகப் பேசினார். அவசியமில்லாமல் உயிரைப் பணயம் வைப்பது கர்த்தரைப் பரீட்சை பார்ப்பதாகும் என்றார். நான் போதகரிடம் போய்க் கேட்டேன். அவர் சற்று யோசித்து, மத்தேயு நான்காம் அதிகாரத்தை நினைவூட்டினார். “பிரதர், நம் ஆண்டவர் தேவாலயத்து உப்பரிகையில் நின்றது பாவமல்ல. இறங்குவதற்குப் படி இருக்கும்போது, தூதர்கள் தாங்குவார்கள் என்று சொல்லிக் குதிப்பதுதான் தேவனைப் பரீட்சை பார்ப்பது. உங்கள் மகன் ஏறட்டும். இறங்க வேண்டிய வேளையில் இறங்கத் தெரிந்தவனாக இருக்கும்படி ஜெபிப்போம்” என்றார். அந்த வார்த்தையின் பாதியை மாத்திரம் நான் காதில் வாங்கினேன் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

ஏனெனில் அவன் போவது உறுதியானதும் என் பயம் பெருமையாக மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எழுந்து, “என் மகன் எவரெஸ்ட் மலைக்குப் போகிறான், அவன் ஜெயமாய்ப் போய்ச் சேரும்படி ஜெபித்துக்கொள்ளுங்கள்” என்று விண்ணப்பம் வைத்தேன். அடிவார முகாம் என்று சொல்லாமல் மலை என்றே சொன்னேன். விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி என்னும் பெண்மணி 2023ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் தேதி எவரெஸ்ட் சிகரத்தை அடைந்து, அவ்வாறு அடைந்த முதல் தமிழகப் பெண் என்னும் பேர் பெற்றதை எல்லாரும் அறிந்திருந்தார்கள். அந்த வரிசையில் என் மகனையும் நிறுத்திப் பேசுவது எனக்கு இனிப்பாயிருந்தது.

மகனோ நிதானமாகவே ஆயத்தம் செய்தான். மூன்று மாதம், தோளில் பத்துக் கிலோ பையுடன் அடுக்குமாடிப் படிகளில் ஏறி இறங்கினான். மருத்துவரைக் கண்டு இருதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொண்டான். உயரத்தைப் பற்றி அவன் எனக்கு விளக்கியது நன்றாக நினைவிருக்கிறது. நம்முடைய பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டரில் இருக்கிறது. உதகமண்டலத்துத் தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே மிக உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். லுக்லாவில் விமானத்தை விட்டு இறங்கிக் கால் வைக்கிற இடமே ஏறக்குறைய 2,850 மீட்டர். அதாவது, நம் தென்னாட்டு மலைகளெல்லாம் முடிகிற உயரத்துக்கு மேலேதான் அந்த நடை தொடங்குகிறது. அடிவார முகாமில் ஒருவன் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதிதான்.

சரீரம் இந்தக் குறைவுக்குப் பழக நாள் வேண்டும். ஆகையால் 3,000 மீட்டருக்கு மேலே போனபின், இரவில் தங்கும் உயரத்தை ஒரு நாளில் சுமார் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது; மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் தங்கி இளைப்பாற வேண்டும். அதனால்தான் நடைக்காரர்கள் 3,440 மீட்டரிலுள்ள நாம்சே பஜாரில் ஒரு நாளும், 4,410 மீட்டரிலுள்ள டிங்போச்சேயில் ஒரு நாளும் தங்குகிறார்கள். இதைக் கேட்டபோது 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம் என் நினைவுக்கு வந்தது. சோர்ந்துபோய்ச் சூரைச்செடியின் கீழே படுத்த எலியாவைத் தேவன் உடனே ஓரேப் மலைக்கு ஓடச் சொல்லவில்லை. தூதனை அனுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார்; தூங்கவிட்டார்; மறுபடியும் எழுப்பிப் புசிக்கச் சொன்னார். அதன் பிறகே நாற்பது நாள் நடை. சரீரத்தை உண்டாக்கினவர் அதன் அளவை அறிந்திருக்கிறார்.

நவம்பர் மாதத்தில் அவர்கள் புறப்பட்டார்கள். மலைச்சரிவில் வெட்டப்பட்ட, 527 மீட்டர் நீளமே உள்ள லுக்லாவின் ஓடுபாதையில் சிறு விமானம் இறங்கியபோது கண்களை மூடி ஜெபித்ததாக மகன் சொன்னான். எட்டுப் பேருக்கு ஒரு வழிகாட்டியும், அவருக்கு ஓர் உதவியாளரும், நான்கு சுமைகாரர்களும் இருந்தார்கள். இருவருடைய பைகளை ஒரு சுமைகாரர் சுமப்பார். நாம்சே பஜாரிலிருந்து மகன் புகைப்படம் ஒன்று அனுப்பினான். அவன் சிறு பையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், இரண்டு பெரிய பைகளைக் கயிற்றால் ஒன்றாய்க் கட்டி முதுகில் ஏற்றி, அந்தப் பாரம் முழுவதையும் நெற்றியில் மாட்டிய ஒரு பட்டையினால் தாங்கிக்கொண்டிருக்கிறான். அந்தப் பட்டைக்கு நாம்லோ என்று பெயராம். நான் மகனுடைய சிரிப்பைப் பார்த்தேன். சபையாருடைய வாட்ஸ்ஆப் குழுவில் அப்படத்தைப் போட்டேன். அந்தப் பையனை நான் பார்க்கவில்லை.

ஏழாம் நாள் அவர்கள் ஏறக்குறைய 4,900 மீட்டரிலுள்ள லோபுச்சேயில் தங்கினார்கள். மறுநாள் கோரக்ஷேப் வழியாக அடிவார முகாம். ஒரு நாள் வழிதான் மீதியிருந்தது. அன்று இரவு, சுமைகாரர்கள் படுத்திருந்த அறையிலிருந்து வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பையன்தான். இரண்டு நாளாகவே தலைவலி இருந்திருக்கிறது. சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மீதி நாட்களின் கூலி போய்விடும், அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள் என்று பயந்து மறைத்திருக்கிறான். மலைநாட்டான்தானே, அவனுக்கு என்ன என்று நாம் நினைப்போம். அது தவறு. சுமை தூக்க வருகிறவர்களில் பலர் அந்த உயரத்தில் பிறந்த ஷெர்ப்பாக்கள் அல்லர். தாழ்வான பள்ளத்தாக்குக் கிராமங்களிலிருந்து பிழைப்புக்காக மேலே வருகிற ராய், தமாங் இனத்தவர்கள். உயரத்து வியாதி அவர்களையும் நம்மைப் போலவே பிடிக்கிறது.

விடியற்காலையில் அவன் எழுந்து நடந்தபோது குடித்தவனைப் போலத் தள்ளாடினான். வழிகாட்டியின் முகம் மாறிற்று. தலைவலியும் வாந்தியும் பசியின்மையும் முதல் எச்சரிப்பு. நேர்கோட்டில் நடக்க முடியாமல் போவது, மூளையில் நீர் கோத்துக்கொள்வதற்கு அடையாளம். அதற்கு ஒரே நிச்சயமான வைத்தியம், தாமதமின்றிக் கீழே இறங்குவது. தனியாக ஒருபோதும் அனுப்பக்கூடாது. ஆனால் உதவியாளரோ, டிங்போச்சேயில் காய்ச்சலாய்ப் படுத்துவிட்ட நண்பன் ஒருவனோடு அங்கேயே தங்கிவிட்டார். மீதியாயிருந்தது ஒரு வழிகாட்டி மாத்திரமே. “கையில் பணம் கொடுத்து அனுப்பிவிடலாம், அவனுக்குத் தெரியாத வழியா?” என்று குழுவில் ஒருவன் சொன்னான். இன்னொருவன், மாலையில் முகாமைப் பார்த்துத் திரும்பியபின் எல்லாருமாக இறங்கலாம் என்றான். அவர்கள் கெட்டவர்களல்ல. பல மாதம் பணம் சேர்த்து, விடுப்பு வாங்கி, ஒரு நாள் தூரத்தில் வந்து நிற்கிறவர்கள்.

என் மகன், “நான் இவனோடு இறங்குகிறேன்” என்று சொல்லியிருக்கிறான். மற்றொரு சுமைகாரரும் அவனுமாக, பையனை நடுவில் விட்டுத் தாங்கிக்கொண்டு இறங்கினார்கள். துக்லாவுக்கு மேலே கணவாயில், மலைகளில் மாண்டவர்களுக்காகக் கட்டின கல் நினைவுத் தூண்கள் வரிசையாய் நிற்கின்றன. ஏறும்போது எல்லாரும் அங்கே நின்று படம் எடுத்திருந்தார்கள். இறங்கும்போது அவன் எந்தக் கல்லையும் பார்க்கவில்லை என்றும், பையனுடைய கால்களையே பார்த்துக்கொண்டு வந்ததாகவும் சொன்னான். மதியத்துக்குள் பெரிச்சே என்னும் ஊரை அடைந்தார்கள். 4,300 மீட்டருக்கு மேலுள்ள அவ்வூரில், 1973ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இமாலய மீட்புச் சங்கம் ஒரு சிகிச்சை நிலையம் நடத்துகிறது. நடைப்பயணக் காலங்களில் தன்னார்வ மருத்துவர்கள் அங்கே தங்கிப் பயணிகளுக்கும் உள்ளூர் மக்களுக்கும் சுமைகாரர்களுக்கும் வைத்தியம் செய்கிறார்கள். பையனுக்குப் பிராணவாயுவும் ஊசியும் கொடுத்தார்கள். சாயங்காலத்தில் அவன் கண் தெளிந்து தேநீர் கேட்டான். மறுநாள் இன்னும் கீழே இறக்கிக் கொண்டுபோனார்கள்.

அன்றிரவு விடுதியிலிருந்து மகன் என்னைத் தொலைபேசியில் அழைத்தான். எல்லாவற்றையும் சொன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இன்னும் ஒரு நாள்தானே இருந்தது, தம்பி!” என்றேன். சபையார் எல்லாரும் உனக்காக ஜெபித்தார்களே என்றேன். அவன் பேசாதிருந்தான். பேச்சை மாற்ற வேண்டி, “அந்தப் பையன் இரட்சிக்கப்பட்டவனா?” என்று கேட்டேன். “நான் கேட்கவில்லை அப்பா. அவன் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான்” என்றான்.

தொலைபேசியை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாம்சேயிலிருந்து வந்த புகைப்படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். இம்முறை அந்தப் பையனுடைய நெற்றியில் பட்டை அழுத்திய இடம் என் கண்ணில் பட்டது. உடனே என் தகப்பனாரின் தலை நினைவுக்கு வந்தது. திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்தில் மழை பொய்த்ததினால் பெங்களூருக்கு வந்து, கலாசிபாளையத்திலும் கே.ஆர். மார்க்கெட்டிலும் மூட்டை தூக்கிப் பிழைத்தவர் அவர். பழைய துண்டைச் சுருட்டிச் சும்மாடாக்கி, அதன்மேல் வெங்காய மூட்டையை ஏற்றுவார். வருஷக்கணக்காய்ப் பாரம் சுமந்ததினால் உச்சந்தலையில் முடி உதிர்ந்து, அந்த இடம் வட்டமாய் வழுவழுத்திருக்கும். சிறுபிள்ளையாயிருந்தபோது அதைத் தடவிப் பார்ப்பது எனக்கு விளையாட்டு.

1974ஆம் ஆண்டு கோடையில், எனக்குப் பத்து வயது. காய்ச்சலை இரண்டு நாள் மறைத்து வேலைக்குப் போயிருந்த தகப்பனார், மூட்டையோடு சந்தில் விழுந்துவிட்டார். ஏன் மறைத்தார்? ஒரு நாள் போகாவிட்டால் அவருடைய இடத்தில் வேறொருவர் நின்றிருப்பார். அவ்வளவுதான். மூட்டைக்கு உரியவர் சிதறிய வெங்காயத்தைப் பொறுக்க ஆள் கூப்பிட்டாராம். பூக்கூடைகளை இறக்க வந்திருந்த ஒரு கைவண்டிக்காரர், பெயரும் தெரியாது, நம் பாஷையும் தெரியாது, தன் வண்டியைக் காலியாக்கி அவரைப் படுக்கவைத்து, பக்கத்திலிருந்த விக்டோரியா மருத்துவமனைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அன்றைய அவருடைய கூலி போயிற்று. என் தகப்பனார் பிழைத்தார். அதன் பிறகும் நெடுங்காலம் உயிரோடிருந்து, எங்களைப் படிக்கவைத்து, முதிர்வயதில் ஞானஸ்நானம் பெற்று, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்தக் கைவண்டிக்காரர் ‘இன்னும் ஒரு நடைதானே’ என்று தன் வேலையை முடிக்கப் போயிருந்தால், நான் யார்? என் மகன் யார்?

எரிகோவுக்குப் போகிற வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு விலகிப்போன ஆசாரியனை நாம் எத்தனை பிரசங்கங்களில் கண்டித்திருக்கிறோம். அவனும் ஏதோ ஒரு நல்ல காரியத்துக்காகவே போய்க்கொண்டிருந்திருப்பான். அவனுக்கும் ஒரு நாள் வழி மீதியிருந்திருக்கலாம். நின்ற சமாரியனோ, விழுந்தவனுடைய விசுவாசம் என்ன என்று விசாரிக்கவில்லை. தன் எண்ணெயையும் திராட்சரசத்தையும் வாகனத்தையும் பணத்தையும் செலவழித்தான். என் மகன் கேட்காமல் செய்ததை, நான் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். அன்றிரவு முழங்காலில் நின்று, “ஆண்டவரே, என் பெருமையை மன்னியும்” என்று அழுதேன். போதகர் சொன்ன வார்த்தையின் மறுபாதி அப்போதுதான் விளங்கிற்று. இறங்க வேண்டிய வேளையில் இறங்குகிற பெலனுக்காகச் சபை ஜெபித்தது. அந்த ஜெபம் கேட்கப்பட்டது. அதைத் தோல்வி என்று எண்ணினவன் நான் ஒருவனே.

அதற்குப் பின்பு இம்மலைகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். பெரிய மலையேறிகளின் பெயர்களை உலகம் அறியும். 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி எவரெஸ்ட்டின் கும்பு பனியாற்றில் பனிச்சரிவு உண்டாகி 16 பேர் இறந்தார்கள். 16 பேரும் நேபாளிகள். மலையேற வந்தவர்களுக்காகப் பாதையை ஆயத்தம்பண்ணவும் மேல் முகாம்களுக்குப் பொருட்களைச் சுமக்கவும் போனவர்கள். அன்று பெரிய வெள்ளிக்கிழமை. நாம் ஏழு வார்த்தைகளைத் தியானித்துக்கொண்டிருந்த நாளில், மற்றவர்களுடைய பாரத்தைச் சுமந்தவர்கள் பனியின் கீழே கிடந்தார்கள். அதே வருடம் அக்டோபர் 12ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹூட்ஹூட் புயலின் எச்சம், இரண்டே நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா மலைப்பகுதியில் பெரும் பனியாய்க் கொட்டி, நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. வெளிநாட்டார் மாத்திரமல்ல, வழிகாட்டிகளும் சுமைகாரர்களும் அதில் மாண்டார்கள். நம்முடைய கடலில் பிறந்த காற்று அங்கே போய் அப்படிச் செய்தது.

மகன் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, சாட்சி சொல்லும்படி போதகர் அவனை அழைத்தார். அவன் தயங்கி எழுந்து, மூன்றே வாக்கியம் சொன்னான். “நான் போக நினைத்த இடத்துக்குப் போகவில்லை. என்னோடு வந்த ஒருவன் உயிரோடு வீடு சேர்ந்தான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.” முதலில் ஒருவரும் கைதட்டவில்லை. பிறகு, கட்டட வேலை செய்கிற சகோதரி ஒருவர் பின்னாலிருந்து, “அல்லேலூயா” என்று சத்தமாய்ச் சொன்னார். காய்ச்சலை மறைத்துச் செங்கல் சுமப்பது இன்னதென்று அறிந்தவர் அவர். மூப்பர் என் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நம் பிள்ளைகள் மலைக்குப் போவதை நான் இனித் தடுக்கமாட்டேன். ஆனால் போகிறவர்களுக்குத் தகப்பனைப் போலச் சில வார்த்தைகள் சொல்லுகிறேன். அவசரப்பட்டு உயரம் ஏறாதேயுங்கள்; இளைப்பாறும் நாட்களைக் குறைத்துப் பணம் மிச்சம் பிடிக்காதேயுங்கள். தலைவலி வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அது குறையும்வரை மேலே போகாதேயுங்கள். உயரத்து வியாதிக்கு முன்காப்பாக மாத்திரை உண்டு. மருத்துவரைக் கேட்டு அதை எடுத்துக்கொள்வது அவிசுவாசமல்ல; அது இருக்கிறதென்று இறங்காமலிருப்பதே துணிகரம். உயரமான இடங்களிலிருந்து மீட்கும் செலவையும் ஏற்கும் காப்பீடு எடுங்கள். சுமைகாரருக்கும் காப்பீடு உண்டா என்று, பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். அவர் முதுகில் 30 கிலோவுக்கு மேல் ஏற்றாதேயுங்கள். குளிர்காக்கும் உடையும் நல்ல காலணியும் அவருக்கு இருக்கிறதா, எங்கே படுக்கிறார், என்ன சாப்பிடுகிறார் என்று பாருங்கள். அவருக்கு வியாதி வந்தால் கணக்குத் தீர்த்துத் தனியாய் அனுப்பிவிடாதேயுங்கள்.

ஊழிய வாஞ்சையுள்ள வாலிபர்களுக்கு இன்னொரு வார்த்தை. நேபாளத்தில் ஒருவரை மதம் மாற்றுவதும் அதற்கு முயல்வதும் 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2018 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அங்குள்ள சபைகள் பெரும்பாலும் சனிக்கிழமையில் கூடி ஆராதிக்கின்றன. அவர்களோடு உட்கார்ந்து ஆராதியுங்கள். பையில் துண்டுப்பிரதிகளை நிரப்பிக்கொண்டு போய், நம் வைராக்கியத்தின் கிரயத்தை அவ்விடத்து விசுவாசிகள் செலுத்தும்படி செய்யாதேயுங்கள். நாம் மலைவழியில் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதை உடன் நடக்கிறவர்கள் வாசித்துக்கொள்வார்கள்.

கடைசியாக ஒரு காரியம். நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வாசலில் இரவுக் காவலுக்கு இருக்கிறவர் ஒரு நேபாளி. நான்கு வருடமாய் அவர் எனக்குக் கதவு திறந்துவிடுகிறார். அவருடைய பெயரை நான் கேட்டதில்லை. மகன் ஊர் திரும்பிய வாரத்தில் ஒரு நாள் இரவு, பிளாஸ்கில் காப்பி எடுத்துக்கொண்டு கீழே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெயர் சொன்னார். ஊர் சொன்னார். ஊரில் மகன் இருக்கிறான், இருபது வயது, மலைக்காலங்களில் பயணிகளுடைய பைகளைச் சுமக்கப் போகிறான் என்றார். எந்த மலை என்று கேட்டேன். அன்னபூர்ணா பக்கம் என்றார். அவன் வேலைக்குப் போயிருக்கிற நாட்களில் தனக்கும் தூக்கம் வராது, அதனால் இரவுக் காவல் தனக்குத் தோதாயிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார்.

அன்று முதல் எங்கள் குடும்ப ஜெபத்தில் அந்த மகனுடைய பெயரும் இருக்கிறது. அவன் எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்று நாங்கள் கேட்பதில்லை. அவன் பக்கத்தில், இறங்கும்போது உடன் இறங்குகிற ஒருவன் இருக்க வேண்டும் என்றே கேட்கிறோம். பிரியமானவர்களே, பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து இந்த நகரத்தில் பாரம் சுமந்தவர்களின் பிள்ளைகள் நாம். பாரம் சுமக்கிறவர்களைத் தம்மண்டை அழைத்த ஆண்டவர், நாம் எந்த மலையில் ஏறினாலும் அவர்களைக் காணும் கண்களை நமக்குத் தருவாராக. ஆமென்.